கப்பல் கேபினில் நாலு பேர் எப்படிப் படுப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு இரவுக் கப்பல் பயணம். கணவன், மனைவி, ஏழு வயது மகள், ஒன்றேகால் வயது மகன். மாமியாரும் வரக்கூடும், இன்னும் முடிவாகவில்லை. ஒரு பால்கனி கேபினே நாலு பேருக்குப் போதும் என்று ஏஜென்ட் சொல்கிறார். ஆனால் படத்தில் தெரிவது ஒரே ஒரு கட்டில். மற்றவர்கள் எங்கே படுப்பது, இரண்டு கேபின் எடுத்தால் வீண் செலவா என்பதுதான் கேட்டவரின் குழப்பம்.

ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. நாலு பேர் கேபின் என்று போட்டிருந்தால் நாலு படுக்கை இருக்கத்தான் செய்யும். ஆனால் நாலு படுக்கை இருப்பது வேறு, நாலு பேர் தூங்குவது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு மகள் பாத்ரூம் போக எழுந்தால் எதையெல்லாம் தாண்டிப் போவாள்? சின்னவன் அழுதால் யாருடைய கை எட்டும்? ஒன்பது மணிக்கு இரண்டு பிள்ளைகளும் தூங்கிவிட்டால் பெரியவர்கள் எங்கே உட்காருவது? ஒரு கேபினைப் பார்க்கும்போது நான் கேட்பது இந்த மூன்றைத்தான். கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவள் நான். சொந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டும் தெரிந்துகொண்டவள்.

முதலில் அளவு. இன்றைய பெரிய கப்பல்களில் ஜன்னல் இல்லாத உள் கேபின் சுமாராக 150 முதல் 180 சதுர அடி. பால்கனி கேபின் உள்ளே 180, 200 சதுர அடி இருக்கும், பால்கனி தனி. கேட்கப் பரவாயில்லை போலத்தான் இருக்கும். 10-க்கு 16 அறை என்று வைத்துக்கொண்டாலும் பாத்ரூமும் அலமாரியும் அதற்குள்ளேதான் அடக்கம். கட்டிலைச் சுற்றி ஒருவர் நடக்கும் அளவுக்குத்தான் மிச்சம். பழைய கப்பல் என்றால் இன்னும் சின்னது. 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும், அடுத்த வருஷம் அதே சென்னையிலிருந்து இலங்கைக்கும் போன கோர்டீலியா எம்ப்ரஸ் 1990-ல் கட்டிய கப்பல். அந்தக் காலத்துக் கேபினுக்கு முதல் வகுப்பு ரயில் கூபேயை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இராது.

படத்தில் நீங்கள் பார்த்த அந்தப் பெரிய கட்டில், பெரும்பாலான கப்பல்களில் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதுதான். கேட்டால் பிரித்துப் போடுவார்கள். இது தெரியாமலே பலர் நாலு நாளை ஓட்டிவிட்டு வருகிறார்கள். நம் வீடுகளில் சின்னப் பிள்ளை அம்மா அப்பாவுக்கு நடுவில்தான் படுக்கும். கப்பலில் அந்த நடுவில்தான் இரண்டு மெத்தையும் சேரும் சந்து இருக்கிறது. தூக்கத்தில் உருளும் பிள்ளை மெல்ல மெல்ல அந்தச் சந்துக்குள் இறங்கும். பெரிய பிள்ளை என்றால் மேலே இன்னொரு மெல்லிய மெத்தை விரிக்கச் சொல்லலாம். ஒரு போர்வையை நீளவாக்கில் மடித்துச் சந்தில் இறுக்கி அடைத்தாலும் போதும். உங்கள் மகன் வயதுக்கு நடுவில் போடவே வேண்டாம், அவனுக்குத் தொட்டில் கேட்டு வாங்குங்கள். தொட்டிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது படுக்கை சோஃபா. பகலில் உட்கார, ராத்திரி விரித்துப் படுக்க. இதில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று ஒருவர் படுக்கும் அகலம், இன்னொன்று விரித்தால் இருவர் படுக்கலாம். ‘சோஃபா பெட் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் எது என்று கேளுங்கள். இருவர் படுப்பதை விரித்துவிட்டால் தரை என்று ஒன்று மிஞ்சாது. பால்கனிக்குப் போக வேண்டுமானால் பிள்ளையின் காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நாலாவது, சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல் படுக்கை. கப்பல்காரர்கள் புல்மன் என்பார்கள். அமெரிக்காவில் 1860-களில் தூங்கும் ரயில் பெட்டிகளைச் செய்து பேர் வாங்கிய ஜார்ஜ் புல்மன் பேரில்தான் இது வழங்குகிறது. நமக்கு ரயில் அப்பர் பெர்த் என்றால் சட்டென்று விளங்கும். பகலில் மடித்து மூடிவிட்டால் அங்கே படுக்கை இருப்பதே தெரியாது. அதனால்தான் படத்திலும் தெரியவில்லை. சாயங்காலம் நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது கேபினைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர், அதாவது ஸ்டூவர்ட், வந்து சாவி போட்டு இறக்கி, ஏணியை மாட்டி வைத்துவிட்டுப் போவார்.

இந்த மேல் படுக்கைதான் பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே பெரிய அதிசயம். எங்கள் முதல் பயணத்தில் மூத்தவனுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. மேலேதான் படுப்பேன் என்று ஒரே அடம். கப்பல் பெயர் வேண்டாம். நாங்கள் எடுத்திருந்தது உள் கேபின். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. நடுராத்திரி மேலிருந்து ‘அம்மா, ஏணி எங்கே?’ என்று குரல். எனக்கே கட்டிலின் தலைமாடு எது, கால்மாடு எது என்று தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி சுவிட்சைப் பிடிப்பதற்குள் அவனுக்கு அடக்க முடியாமல் படுக்கையிலேயே போய்விட்டது. மெத்தை விரிப்பை மாற்றச் சொல்லி ஸ்டூவர்டுக்கு போன் போட்டோம். அந்தச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்த என் வீட்டுக்காரர், தலைக்கு மேலே ஒரு படுக்கை இருப்பதை மறந்து நங்கென்று இடித்துக்கொண்டார். சின்னவள் மட்டும் அசையாமல் தூங்கினாள்.

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள் என்கிறது. கப்பலுக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், இங்கே தரை வேறு ஆடும். உங்கள் மகளுக்கு ஏழு என்பதால் படுக்கலாம். தடுப்புக் கம்பி சரியாக நிற்கிறதா என்று முதல் நாளே கையால் அசைத்துப் பாருங்கள். ராத்திரி தானாக இறங்காமல் உங்களைக் கூப்பிடச் சொல்லிவையுங்கள். வயசு சரியாக இருந்தும் பயப்படுகிற பிள்ளை என்றால் வற்புறுத்த வேண்டாம். அவளுக்கு சோஃபா போதும்.

அடுத்து தொட்டில். மடித்து விரிக்கும் வலைத் தொட்டில், பெரும்பாலும் காசில்லாமல் தருவார்கள். ஆனால் கப்பலில் இருப்பது குறிப்பிட்ட எண்ணிக்கைதான், டிக்கெட் போடும்போதே எழுதி வைக்க வேண்டும். சுமார் 40 அங்குல நீளம், 28 அங்குல அகலம். எண்ணாகக் கேட்டால் சின்னதுதான், கேபினில் விரித்துப் பார்த்தால்தான் அதன் சுயரூபம் தெரியும். பாத்ரூம் கதவையோ வெளிக்கதவுக்குப் போகும் வழியையோ அடைக்காமல் போட ஓர் இடம் வேண்டும். அவசர மணி அடித்தால் இருட்டில் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது. சோஃபாவை விரிக்காத பட்சத்தில் சோஃபாவை ஒட்டியே போட்டுவிடலாம். விரித்தால் கட்டிலின் கால்மாட்டில் இடம் இருக்கிறதா பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அந்தக் கேபின் உங்களுக்குச் சரிப்படாது.

தூளி பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்காமல் இருப்பதில்லை. கப்பல் கேபினில் தூளி கட்ட உத்தரமும் கிடையாது, கொக்கியும் கிடையாது. மேல் படுக்கையின் கம்பியில் புடவையைக் கட்டிப் பார்க்கும் யோசனை வேண்டவே வேண்டாம். அது அந்த ஆட்டத்துக்குச் செய்ததல்ல. தூளியில் பழகிய பிள்ளையை ஊரிலேயே இரண்டு வாரம் முன்பிருந்து தரையிலோ தொட்டிலிலோ படுக்கப் பழக்கிவிடுங்கள். கப்பலில் கீழே ஜமக்காளம் விரித்துப் படுத்துக்கொள்ளலாமே என்றும் கேட்பார்கள். படுக்கலாம், ஆனால் இருட்டில் யாராவது மிதிப்பார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கைக்குழந்தையும் கணக்கில் ஒரு ஆள்தான். ‘மடியில் வைத்துக்கொள்கிறோம், தொட்டில்கூட வேண்டாம்’ என்றாலும் மூன்று பேர் கேபினில் நாலாவதாக ஒரு குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். ஒவ்வொரு தலைக்கும் உயிர்காப்புப் படகில் ஓர் இடம் வேண்டும். உங்கள் கேபின் இருக்கும் பகுதிக்கான படகுகளின் கணக்கு நிரம்பிவிட்டால், கேபினில் படுக்கை காலியாக இருந்தாலும் கூடுதல் ஆளைச் சேர்ப்பதில்லை. ஆகவே ‘இப்போதைக்கு மூன்று பேருக்குப் போடுவோம், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்’ என்ற வேலை கப்பலில் செல்லாது. வயது வரம்பும் உண்டு. பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஏற்றுகின்றன. கரையே தொடாமல் பல நாள் போகும் நீண்ட பயணத்துக்கு ஒரு வயது கேட்பார்கள். உங்கள் மகன் இந்த இரண்டு வரம்பையும் தாண்டிவிட்டான்.

சரி, ஒரு கேபினா, இரண்டா? இங்கேதான் பணக் கணக்கு வருகிறது. கப்பல் கட்டணத்தில் ஒரு கேபினின் முதல் இரண்டு பேருக்கு முழு விலை, மூன்றாவது நாலாவது ஆளுக்குக் குறைவு. கணக்குப் புரிவதற்காக மட்டும் ஓர் எண் வைத்துக்கொள்வோம். பால்கனி ஆளுக்கு 100, மூன்றாவது நாலாவது ஆளுக்கு 50 என்றால் நாலு பேருக்கு 300. உள் கேபின் ஆளுக்கு 70 என்றால் இரண்டு உள் கேபின் 280. அதாவது ஒரு பால்கனியைவிட இரண்டு உள் கேபின் மலிவாகவும் வரலாம். ஆனால் ‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்று ஒரு சலுகை ஓடினால் கணக்கு தலைகீழ். அந்த இலவசம் மூன்றாவது நாலாவது ஆளாகப் படுக்கும் பிள்ளைக்குத்தான். கேபினைப் பிரித்தால் அதே பிள்ளை இரண்டாவது ஆளாகி முழு விலை கொடுக்கும். துறைமுக வரியும் சேவைக் கட்டணமும் எப்படிப் பிரித்தாலும் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வரும். ஆக, ஏஜென்டிடம் இரண்டு விதத்துக்கும் முழுத் தொகை எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். கேபின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

மாமியார் வந்தால் யோசிக்கவே வேண்டாம். சாதாரண கேபின்களில் நாலு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. ஐந்து பேர் கேபின்கள் கப்பலுக்குச் சிலவே இருக்கும், அவையும் முதலில் விற்றுப்போகும். நாலு பேர் ஒன்றிலும் மாமியார் தனியாக ஒன்றிலும் என்று போடாதீர்கள். தனியாள் கேபினுக்குப் பொதுவாக இரண்டு பேர் காசையும் ஒருவரே கட்ட வேண்டும். மூன்று, இரண்டு என்று பிரியுங்கள். நீங்கள் இருவரும் தொட்டிலில் மகனும் ஒன்றில், பாட்டியும் பேத்தியும் இன்னொன்றில். பாட்டி அறையில் கட்டிலைப் பிரித்து இரண்டு ஒற்றைக் கட்டிலாகப் போடச் சொல்லிவிட்டால் மேல் படுக்கைக்கே வேலையில்லை. நாலு பேராக மட்டும் போய் இரண்டு கேபின் எடுத்தால், பல கம்பெனிகள் ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் பேர் இருக்க வேண்டும் என்பார்கள். அம்மா ஒன்றில், அப்பா ஒன்றில் என்று பதிவு செய்துவிட்டு, கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் கூடுதல் சாவி வாங்கிக்கொண்டு வேண்டியபடி படுத்துக்கொள்வது எல்லோரும் செய்வதுதான்.

இரண்டு கேபினிலும் ‘கனெக்டிங்’ என்பதும் ‘பக்கத்து அறை’ என்பதும் வேறு வேறு. முன்னதில் நடுச்சுவரில் கதவு இருக்கும், திறந்து வைத்துக்கொண்டால் ஒரே வீடு. பின்னதில் பாட்டியைப் பார்க்க நடைக்கூடத்துக்கு வந்துதான் போக வேண்டும். இடைக்கதவுள்ள அறைகள் எவை என்று டெக் (கப்பலின் தளம்) வரைபடத்தில் சின்னக் குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். சோஃபா, மேல் படுக்கைக்கும் தனித்தனிக் குறி உண்டு. இடைக்கதவு உள்ள ஒரு கேபினை மட்டும் தவறுதலாக எடுத்துவிட்டால் தொல்லை. அந்தக் கதவு வழியே பக்கத்து அறைக்காரர் பேச்செல்லாம் கேட்கும். அதேபோல், கேபின் எண்ணைக் கப்பல் கம்பெனியே பிறகு ஒதுக்கும் மலிவு டிக்கெட்டைப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தொடவே கூடாது. இரண்டு கேபினும் கப்பலின் இரண்டு கோடியில் விழலாம்.

இரண்டு கேபினின் இன்னொரு வரம் இரண்டு பாத்ரூம். இதை மனதில் வைத்துக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். டிஸ்னி கப்பல்களில் பெரும்பாலான கேபின்களில் குளிக்குமிடம் தனி, கழிவறை தனி, இரண்டிலும் கை கழுவும் தொட்டி. பெரியவர்கள் கட்டிலுக்கும் சோஃபாவுக்கும் நடுவே இழுத்து மூட ஒரு திரைச்சீலையும் உண்டு. இந்தத் திரையை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்க, இந்தப் பக்கம் சின்ன விளக்கில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கலாம். ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் 2024-ல் வந்தபோது, அடுக்குக் கட்டிலோடு பிள்ளைகளுக்குத் தனி மூலை வைத்த குடும்பக் கேபின்களும் வந்தன. அதே கப்பலில் மூன்று மாடி வீடு மாதிரி, உள்ளே சறுக்குமரத்தோடு ஒரு சொகுசு அறையும் உண்டு. அதன் விலையை விசாரித்துவிட்டு நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன்.

பால்கனி வேண்டுமா என்றால், கடலைப் பார்க்க மட்டும் அல்ல. பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் உட்கார அதுதான் இடம். உள் கேபினில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் இருவரும் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து போன் பார்த்த ராத்திரிகள் உண்டு. ஆனால் நடக்கப் பழகிய பிள்ளை இருக்கும்போது பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாள் எப்போதும் போட்டிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் பக்கத்தில் நாற்காலியோ மேசையோ இருக்கக் கூடாது. ஏறிவிடுவான். அவனை அங்கே ஒரு நொடிகூடத் தனியாக விடாதீர்கள்.

கேபின் எங்கே இருக்கிறது என்பதும் தூக்கத்தைப் பாதிக்கும். ஆட்டம் குறைவாக வேண்டுமென்றால் கப்பலின் நடுப்பகுதி, கீழ் டெக். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் டெக் நல்லது. நீச்சல்குளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் கரகர சத்தத்தில் பிள்ளை எழுந்துவிடும். நாடக அரங்கு, நடனக் கூடம் இவற்றுக்குப் பக்கமும் வேண்டாம்.

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஊரில் ஒன்பது மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு அங்கே பதினொன்றரை ஆனால்தான் தூக்கம் வரும். முதல் இரண்டு ராத்திரி அவர்களைச் சீக்கிரம் படுக்க வைக்க மல்லுக்கட்டாதீர்கள். இரவு உணவை இரண்டாம் பந்தியில் வைத்துக்கொண்டால் அதுவே நமக்குச் சாதகம், காலையில் தாமதமாக எழுவார்கள்.

கையோடு கொண்டுபோக: பேட்டரியில் எரியும் சின்ன இரவு விளக்கு (அந்த ராத்திரிக்குப் பிறகு நான் இதில்லாமல் போனதில்லை), காற்றடித்துக் கட்டில் ஓரம் வைக்கும் தடுப்பு, நாலைந்து காந்தக் கொக்கி. கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடுதான், காந்தம் பிடித்துக்கொள்ளும். ஒரு பழைய பருத்திப் புடவையை அதில் மாட்டினால் தொட்டிலுக்கும் உங்கள் கட்டிலுக்கும் நடுவே திரை தயார். பிள்ளை கை எட்டாத தூரத்தில், கூரையில் உள்ள காற்றுத் துளையையும் தண்ணீர்த் தெளிப்பானையும் மறைக்காமல் மாட்டுங்கள். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் காய்ச்சும் கெட்டில் எல்லாம் ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். எக்ஸ்டென்ஷன் வயரும் பல கப்பல்களில் கூடாது. பாலுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் ஃபிளாஸ்க் போதும், சாப்பாட்டுக் கூடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

என் யோசனை: மாமியார் வந்தால் இடைக்கதவுள்ள இரண்டு கேபின், கையில் காசிருந்தால் ஒன்று பால்கனி. அவர் வரவில்லையென்றால் ஒரு பால்கனி கேபினே போதும், மகள் சோஃபாவில், மகன் தொட்டிலில். மேல் படுக்கையை இறக்கவே வேண்டாம் என்று ஸ்டூவர்டிடம் சொல்லிவிடலாம், மகள் கேட்டு அழுதாலொழிய.

ஏஜென்டுக்கு இப்படி எழுதி அனுப்புங்கள்: ‘கேபின் எண் என்ன? சோஃபா விரித்தால் ஒருவருக்கா, இருவருக்கா? மேல் படுக்கை பெரிய கட்டிலுக்கு மேலா, சோஃபாவுக்கு மேலா? தொட்டில் கேட்டிருப்பது பதிவில் ஏறிவிட்டதா? சோஃபாவையும் விரித்து, தொட்டிலையும் போட்டால் பாத்ரூம் கதவு திறக்குமா?’ கடைசிக் கேள்விக்கு அவர் கப்பல் கம்பெனியிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும், கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.